கீஃப்ரேமுக்கு ‘முளை’: ஒரு பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம். அசைவூட்டத்தில் (அனிமேஷனில்) ஓர் அசைவின் முக்கிய நிலைகளைக் குறிக்கும் ‘கீஃப்ரேம்’ என்பதற்குத் தமிழில் ‘முளை’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. அதன்மேல் எழுந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> ‘முதன்மைச் சட்டகம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே? கேட்டதும் புரிகிறது.

புரிகிறதுதான். ஆனால் தாளில் வரைந்த அசைவூட்டத்துக்கு மட்டுமே அது பொருந்தும். அங்கே நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்). ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் 12 படம் போதும். மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை வரைவார், உதவி ஓவியர் நடுவில் உள்ளதை வரைந்து முடிப்பார். அந்த மூத்தவரின் படத்தை அப்படி அழைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

கணினியில் நாங்கள் படிப்பது வேறு. 10ஆம் சட்டகத்தில் முழங்கை 40 பாகை மடங்கியிருக்கட்டும் என்று ஒரு மதிப்பைப் பதிக்கிறோம். அதே சட்டகத்தில் தலைக்கும் இடுப்புக்கும் எதுவும் பதிந்திருக்காது. அவற்றின் பதிவுகள் 7இலோ 15இலோ இருக்கலாம். அதாவது, பதிவது முழுப் படம் அல்ல. ஏதோ ஒரு பண்பின் மதிப்பும் அதற்கான நேரமும்தான். ‘சட்டகம்’ என்று பெயரிலேயே இருந்தால், பாத்திரம் மொத்தமும் அங்கே சேமிக்கப்படுகிறது என்றுதான் முதலாண்டு மாணவர் எண்ணுவார். பிறகு, ஒவ்வொரு பண்பின் மதிப்பும் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வளைகோடுகளைத் திருத்தும் பலகத்தைத் திறந்ததும், ஏன் ஒவ்வொன்றுக்கும் தனிக்கோடு என்று விழிப்பார்.

அதனால்தான் ‘முளை’ என்கிறேன். நிலத்தில் அங்கங்கே முளை அடித்து நடுவில் கயிறு கட்டுகிறோமே, அதே வேலை இது. வகுப்பில் யாரும் ‘கீஃப்ரேம்’ என்று முழுதாகச் சொல்வதுகூட இல்லை. ‘கீ போடு’, ‘கீயைத் தள்ளி வை’, ‘கீயை எடு’ என்கிறோம். முளை அடி, முளையைத் தள்ளி அடி, முளையைப் பிடுங்கு. வினையோடு இப்படி ஒட்டாத கலைச்சொல் அகராதியைத் தாண்டி வராது என்பது என் உறுதியான எண்ணம்.

> கயிறு என்றால் நேர்கோடு. பதிந்த மதிப்புகளை இணைத்துக் கணினி போடும் ஸ்ப்ளைன் வளைகோட்டுக்கு என்ன செய்வது?

நல்ல கேள்வி. ஸ்ப்ளைன் என்பதே முதலில் ஒரு பொருளின் பெயர்: கப்பலுக்கு வரைபடம் போட்டவர்கள் பயன்படுத்திய, வளையக்கூடிய மெல்லிய மரப்பட்டி. சில இடங்களில் மட்டும் அதன்மேல் எடைக்கட்டி வைத்து அசையாமல் பிடிப்பார்கள். மற்ற இடங்களில் பட்டி தானாக வளைந்து நிற்கும். பிடித்து வைத்த இடங்களே நம் முளைகள்.

வகுப்பில் அடிக்கடி வரும் ஒரு பிழையும் இதனால் விளங்கும். தரையில் ஊன்றிய பாதத்துக்கு அடுத்தடுத்த இரண்டு முளைகளிலும் ஒரே உயரத்தைத்தான் கொடுத்திருப்போம். ஆனாலும் நடுவில் பாதம் தரைக்குள் அமிழும். முளைகள் சரியாகவே இருக்கின்றன. இடையில் வளைகோடு கீழே இறங்கிவிட்டது.

> விதை முளைப்பதோடு குழம்பாதா?

அடி, பிடுங்கு என்ற வினைகளோடு வரும்போது குழம்பாது. தனித்து நிற்கும் தலைப்புகளில் ‘அசைவுமுளை’ என்று எழுதலாம்.

> ட்வீனிங்குக்கு இடைச்செருகல் போதுமே?

கணக்குப் பாடத்தில் இன்டர்போலேஷனுக்கு, அதாவது தெரிந்த மதிப்புகளுக்கு நடுவில் உள்ளதைக் கணிப்பதற்கு, அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ட்வீனிங் என்பது முக்கிய நிலைகளுக்கு நடுவில் உள்ள படங்களை நிரப்புவது, உதவி ஓவியர் செய்துவந்த வேலை. 1970களின் தொடக்கத்தில் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக்கும் மார்செலி வைனும் அதைக் கணினியிடம் கொடுத்தார்கள். வேலைக்கு ‘இடைநிரப்பல்’, அதன் பின்னாலுள்ள கணக்குக்கு ‘இடைச்செருகல்’ என்று பிரித்துக்கொள்ளலாம். அப்புறம், பழம்பாடல்களில் பிறர் நுழைத்த வரிகளை நினைவூட்டும் சொல்லை ஓவியரின் உழைப்புக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் முடிவாகாதது ஈஸ்-இன், ஈஸ்-அவுட். அசைவு மெதுவாகத் தொடங்குவதற்கும் மெதுவாக அடங்குவதற்குமான பெயர்கள் இவை. அசைவூட்டக்காரர்களுக்கு ஈஸ்-இன் என்றால் வேகம் குறைந்து முளையை வந்தடைவது; வலைப்பக்க நிரல் எழுதுவோருக்கு மெதுவாகப் புறப்படுவது. நேர் எதிர்! உள், வெளி என்று மொழிபெயர்த்தால் இந்தக் குழப்பமும் கூடவே வந்துவிடும். ‘மெல்லெழல்’, ‘மெல்லடங்கல்’ என்று அசைவைப் பார்த்தே பெயர் வைக்கலாம் என்று நினைக்கிறேன். இவற்றைவிட எளிய இணை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.