டிரெயின் பிளக்கைக் கழற்றினேன், தண்ணீர் வரவில்லை. இப்போது பிளாக்கில் ஒரு கோடு

சிம்கோக்கரை:
வணக்கம். டொரோண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். போன கோடையில் பழைய 18 அடிப் படகு ஒன்று வாங்கினேன். உள்ளே 4.3 லிட்டர் வி6 மெர்க்ரூசர் எஞ்சின், ஏரித் தண்ணீரையே உறிஞ்சிக் குளிர்ந்துகொள்ளும் வகை. அக்டோபர் நீள்விடுமுறை முடிந்த கையோடு சிம்கோ ஏரியிலிருந்து ஏற்றிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். குளிருக்கு முன் உள்ளே நிற்கும் தண்ணீரை வடிக்க, பிளாக்கின் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல்) இரண்டு பக்க டிரெயின் பிளக்குகளையும் கழற்றினேன். இடப்பக்கம் தண்ணீர் கொட்டியது. வலப்பக்கம் ஒரு சொட்டும் இல்லை. வரும் வழியிலேயே வடிந்திருக்கும் என்று நினைத்துப் பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

நவம்பரில் இரண்டு இரவுகள் −9 டிகிரி வரை இறங்கின. நேற்று மூடுதுணியை விலக்கிப் பார்த்தால், வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (புகையை வெளியேற்றும் வார்ப்புக் குழாய், அதற்குள்ளும் குளிர்நீர் ஓடும்) கீழே தலைமயிர் கனத்தில், ஒரு சாண் நீளத்துக்குத் துருக்கோடு. ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? வெல்டிங் பிடிக்குமா? படகு வாங்கிய அன்றே "தண்ணீரில் போட்ட காசு" என்றவர் என் மனைவி. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிரம்ப்டன்வாசி:
நான் பிளக்கைத் தொட்டதே இல்லை. ஆண்டுதோறும் இரண்டு கேலன் பிங்க் ஆன்டிஃப்ரீஸை (உறையாமல் காக்கும் திரவம்) எஞ்சினை ஓடவிட்டு உறிஞ்சவைப்பேன். போத்தலிலேயே −50 என்று போட்டிருக்கிறது. ஸ்டார்ட் செய்து பாருங்கள், வெறும் துருவாகவும் இருக்கலாம்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சாவியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள்.

என் தகப்பனார் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் மீன்பிடிப் படகு எஞ்சின்கள் பிரித்தவர். அங்கே எங்களுக்கு உப்புதான் எதிரி. ஜார்ஜியன் வளைகுடாப் பக்கம் ஒரு படகுத்துறையில் 22 ஆண்டுகள் வேலை செய்தபோதுதான் பனிக்கட்டியின் குணம் தெரிந்தது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும்.

வலப்பக்கம் தண்ணீர் வராததற்குக் காரணம் அது வடிந்துபோனதல்ல. பிளக் துளைக்குப் பின்னால் துருச்செதிலும் மணலும் அடைத்திருக்கும். பிளக்கைக் கழற்றியதும் ஒரு கம்பியை விட்டுக் குத்த வேண்டும். முதலில் சேறு வரும், பிறகு தண்ணீர் பாயும். எதுவும் வராத துளையைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். இரண்டு மேனிஃபோல்டுகளின் அடிப் பிளக்குகள், சுற்றோட்டப் பம்புக்குப் போகும் பெரிய ஹோஸ், ஏரித் தண்ணீர் பம்பின் ஹோஸ்கள், பவர் ஸ்டீயரிங் கூலர் எல்லாவற்றையும் இப்படியே பார்க்க வேண்டும். பின்னால் புரொப்பெல்லரைத் தாங்கும் டிரைவை இறக்கியே நிறுத்துங்கள், அதற்குள் நிற்கும் தண்ணீர் தானாக வடியும்.

பிரம்ப்டன் தம்பிக்கும் ஒரு வார்த்தை. சர்பத் நிறத்தில் இருக்கும் அந்தத் திரவத்தில் எழுதியுள்ள −50, குழாய் வெடிக்காது என்பதற்கான கணக்கு. −10 பக்கத்திலேயே அது கூழாகத் தொடங்கிவிடும். உள்ளே பழைய தண்ணீர் இருந்தால் அதோடு கலந்து இன்னும் நீர்த்துப்போகும். அதைவிட மோசம், எஞ்சின் சூடேறாமல் தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறக்கும் வால்வு) மூடியிருந்தால் ஊற்றியதெல்லாம் பிளாக்கைத் தொடாமல் எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போய்விடும். பின்னால் இளஞ்சிவப்பாகக் கொட்டுவதைப் பார்த்து மனிதர் நிம்மதியாகத் தூங்கப் போவார். முதலில் வடியுங்கள். பிறகு தெர்மோஸ்டாட் பக்கத்து ஹோஸைக் கழற்றி நேராகப் பிளாக்குக்குள் ஊற்றுங்கள். எஞ்சின் அறைக்குள் சூட்டுக்கு ஒரு மின்விளக்கு எரியவிட்டால் போதும் என்பவர்களும் உண்டு. 2013 டிசம்பர் உறைமழையில் டொரோண்டோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனதை அவர்கள் மறந்திருப்பார்கள்.

உங்கள் எஞ்சினுக்கு வருவோம். எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். பால் தேநீர் நிறம் என்றால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தெளிவாக இருந்தாலும் நம்ப வேண்டாம், பனிக்கட்டி இன்னும் உருகாமல் இருக்கலாம். சூடான கராஜில் இரண்டு நாள் வைத்து, கம்பியால் குத்தி முழுவதும் வடியுங்கள். பிளாக்கோடு சேரும் ஹோஸ்களை அடைத்து, 15 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடித்துக் கேஜைப் பாருங்கள். வெளியே சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எண்ணெய் ஊற்றும் வாயில் காதை வையுங்கள். அங்கே 'உஸ்' என்று கேட்டால், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், லிஃப்டர்கள் (வால்வுகளைத் திறக்கும் சிறு உருளைகள்) நிற்கும் பள்ளத்தில் வெடித்திருக்கலாம். அப்படியானால் வேறு எஞ்சின் தேடுவதுதான் வழி.

சிம்கோக்கரை:
அண்ணா, பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கம்பியை விட்டதும் கறுப்புச் சேறு, பிறகு ஒரு வாளி தண்ணீர். எண்ணெய் தெளிவு. காற்றடித்தபோது அந்தக் கோட்டில் மட்டும் நுரை கிளம்பியது, எண்ணெய் வாயில் சத்தம் இல்லை. வலது மேனிஃபோல்டைத் தனியே கழற்றித் தண்ணீர் நிரப்பி வைத்தேன். காலையில் அடியில் ஈரம்.

பழைய ஸ்பேனர்:
அதிர்ஷ்டக்காரர். அந்த மேனிஃபோல்டை ஒட்டிப் பார்க்காதீர்கள், புதிது போடுங்கள். உள்ளே கசிந்தால் தண்ணீர் சிலிண்டருக்கே போகும்.

வெளிக் கோட்டுக்கு வெல்டிங் வேண்டாம். வார்ப்பிரும்பை முழுதாகச் சூடேற்றாமல் ஓரிடத்தில் மட்டும் காய்ச்சினால் பக்கத்தில் புதுக் கோடு விழும். நல்ல வழி உலோகத் தையல். வெடிப்பின் நீளத்துக்குத் துளையிட்டு, ஒன்றையொன்று கவ்வும் திருகுகளை வரிசையாக இறுக்குவார்கள், ஆனால் செலவு. குளிர்நீர்ப் பாதையில் அழுத்தம் குறைவு என்பதால் உலோக எபாக்ஸியும் பல பருவங்கள் தாங்கக் கண்டிருக்கிறேன். கோட்டின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், அப்போதுதான் அது மேலும் ஓடாது. வி வடிவில் அராவி, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் அசிட்டோனால் துடைத்துப் பூசுங்கள். குளிரில் பூசினால் இறுகாது. 24 மணி நேரம் கழித்து மறுபடி காற்றடியுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். உறைதல் சேதத்தை விலக்கிவைக்கும் பத்திரங்கள் பல.

சிம்கோக்கரை:
படித்தேன், விலக்கித்தான் வைத்திருக்கிறார்கள். பத்திரத்தைத் தேடியபோது மனைவிக்கும் தெரிந்துவிட்டது. மேனிஃபோல்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன்.