“ஆறிப்போயிற்றே” என்றாள் ஆறுதலாக: வினையடைச் சிலேடைக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

கேள்வி: தமிழாசிரியை, கும்பகோணம்

எங்கள் பள்ளித் தமிழ் மன்றத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைக்கப்போகிறேன். யாரோ ஒருவர் பேசும் வாக்கியம், பிறகு ‘என்றார்’, கூடவே ஒரு வினையடை. அந்த அடை, பேச்சில் வரும் பொருளையும் தொட வேண்டும். ஆங்கிலத்தில் இந்த விளையாட்டு, 1910இல் தொடங்கிய சிறுவர் கதைகளின் நாயகன் டாம் ஸ்விஃப்டின் பெயரால் வழங்குகிறது. அக்கதைகளில் பேச்சுக்குப் பேச்சு வால்போல ஓர் அடை தொங்கும்; அதைக் கேலி செய்யப் பிறந்தது இது. தமிழில் ‘ஆக’, ‘உடன்’ சேர்த்தாலே அடை கிடைத்துவிடும் என்பதால் நமக்கு இன்னும் வசதி. நான் எழுதிப் பார்த்தவை:

“பருப்பு இன்னும் வேகவில்லை” என்றாள் வேகமாக.
“இன்னும் இரண்டு மெதுவடை வையுங்கள்” என்றார் மெதுவாக.
“கடுகு தாளித்தாயிற்றா?” என்றார் மாமியார் கடுகடுப்பாக.
“ஏணியிலிருந்து கீழே வா, கண்ணா” என்றாள் பாட்டி இரக்கத்துடன்.

எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் தரலாமா?

பதில்: ஓய்வுபெற்ற நூலகர்

தரக்கூடாது அம்மா. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாக வகுக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழி. “பழைய நகையைக் கொடுங்கள்” என்றார் பொற்கொல்லர் உருக்கமாக. “பாலில் தண்ணீரா?” என்றாள் கலக்கத்துடன். இவற்றுக்கு முழு மதிப்பெண். மெதுவடையும் தேறும், ‘மெது’ இரண்டிடத்திலும் மென்மைதான். கடுகு வெறும் ஒலி ஒற்றுமை, பாதி போதும்.

பிரிமொழிக்குக் காளமேகத்தின் ‘வெங்காயம் சுக்கானால்’ வெண்பாவைக் காட்டுங்கள். மேலே பார்த்தால் மளிகைச் சரக்கு. வெம்மை, காயம் என்று பிரித்தால் வெப்பம் மிக்க உடல். வெந்த அயம் என்றால் பஸ்பமான இரும்பு. சீர் அகம் என்றால் வீடுபேறு. ‘பெருங்காயம் வேண்டேன்’ என்பது இந்த உடலே இனி வேண்டாம் என்ற வேண்டுதல். பாட்டில் வரும் ‘ஏரகத்துச் செட்டியார்’ வேறு யாருமல்லர், உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சுவாமிமலை முருகன். பிள்ளைகளுக்குத் தெரிந்த கோயில். ஒரு முறை சொன்னால் மறக்க மாட்டார்கள்.

பதில்: மெய்ப்புத் திருத்துபவர்

பாட்டியின் ‘இரக்கத்துடன்’ எனக்கு ஒப்பவில்லை. ஏணியிலிருந்து வருவது இறக்கம். ரகர றகரத்தில் பிள்ளைகள் தடுமாறும் வகுப்பில் இதற்குப் பரிசு கொடுத்தால், அடுத்த தேர்வுத்தாளில் ‘பேருந்திலிருந்து இரங்கினேன்’ என்று வந்து நிற்கும். எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். விதி இறுகினால்தான் தேடுவார்கள். “சில்லறையைப் பையில் போட்டுச் சுருக்கை இழு” என்றாள் பாட்டி சுருக்கமாக. பாட்டியை இப்படிக் காப்பாற்றலாம்.

பதில்: யாழ்ப்பாணத்தான்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் தலைப்பில் இருக்கும் ‘ஆறுதலாக’ எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போகும். இங்கே ‘ஆறுதலாக வாருங்கள்’ என்றால் அவசரப்படாமல் வாருங்கள் என்று பொருள். “தேத்தண்ணீர் ஆறிவிட்டது, அதனாலென்ன, வேறு போட்டுத் தருகிறேன்” என்றார் அம்மம்மா ஆறுதலாக. சூடு தணிந்தது, தேற்றினார், பதறாமல் சொன்னார். ஒரே அடைக்குள் மூன்றும் நிற்கின்றன.

பிள்ளைகளை முதலில் வாக்கியம் எழுதச் சொல்லாதீர்கள். அடையைப் பலகையில் எழுதிவிட்டு, இதைச் சொல்லக்கூடியவர் யார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். ‘விளக்கமாக’ என்று எழுதினால் யாராவது ஒரு பிள்ளை திரியும் எண்ணெயும் கொண்டுவரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எழுத்து மாறினால் மதிப்பெண் இல்லை, ஒலி மட்டும் ஒத்தால் பாதி, பிரிக்காமலே இரு பொருள் வந்தால் முழுமை. மூன்று பொருள் கொண்டுவருபவருக்குத் தனிப் பரிசு. இரக்கத்துடன் சொன்ன பாட்டியை நீக்கிவிட்டேன். பலகையில் எழுத ‘காரமாக’, ‘விளக்கமாக’, ‘கலக்கத்துடன்’ மூன்றும் இருக்கின்றன. இன்னும் சில அடைகள் இருந்தால் எழுதுங்கள். வாக்கியத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள்.