அப்பா விட்டுச் சென்ற 41 நோட்டுகள்: என்ன செய்வது?

கேள்வி: வீரவநல்லூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன ஐப்பசியில் காலமானார். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று சைக்கிளில் போன ஊரிலெல்லாம் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டுகள்தான். எண்ணினேன், 41 இருக்கின்றன. அவை தவிர ஒரு தகரப் பெட்டி நிறையத் துண்டுச் சீட்டுகள், பிலிம் சுருள்கள், யார் யாரோ கொடுத்த பழைய பத்திரங்களின் நகல்கள், 3 ஓலைக் கட்டுகள்.

அவர் புத்தகம் எதுவும் போட்டதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டுத் திண்ணை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதித் தரச் சொல்லி ஒரு ஆச்சி உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் பாட்டன் காலத்துப் பத்திரத்தை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருப்பார். கொல்லம் ஆண்டு போட்ட பத்திரம் என்றால் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிடும். 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில வருடம் வந்துவிடும் என்று எனக்கு எட்டு வயதிலேயே சொல்லிக் கொடுத்தார். ஒருமுறை ஒரு பையன் கொண்டுவந்த ஒற்றிப் பத்திரத்தில் கொல்லம் 1052, தாது வருடம் என்று இருந்தது. அப்பா அதைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, இது 1876, 77. பெரும் பஞ்சம் வந்த வருடம். உங்கள் பாட்டனார் நிலத்தை எதற்காக ஒற்றி வைத்திருப்பார் என்று யோசித்துப் பார்" என்றார். அந்தப் பையன் பத்திரத்தை மடிக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனான்.

கால்வாயில் தண்ணீர் திறக்கும் முன் அமலைச் செடி அகற்றப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு இறங்குவார். கரையேறி வந்ததும் ஈர வேட்டியோடு அன்று கேட்டதை எழுத உட்கார்ந்துவிடுவார். அம்மா திட்டிக்கொண்டே துண்டு எடுத்துக் கொடுப்பார்.

தை பிறந்ததும் அண்ணன் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார். நான் பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஒரு நூலகத்தில் கேட்டேன், அச்சிட்ட புத்தகம் மட்டும்தான் எடுத்துக்கொள்வார்களாம். நோட்டுகளை நல்லபடியாகத் தொகுத்துப் புத்தகமாக்கினால் போதுமா? பெட்டியில் இருக்கும் சீட்டுகளையும் வைத்திருக்க வேண்டுமா? பாதிக்கு மேல் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் கிறுக்கியவை. எனக்கே படிக்க முடியவில்லை.

மறுமொழி: தென்காசி வாசகர்

அப்பாவின் மறைவுக்கு வருந்துகிறேன். நோட்டுகளைக் கைப்பேசியிலேயே படம் எடுத்து, இணைய ஆவணக் காப்பகம் போன்ற தளத்தில் ஏற்றிவிடுங்கள். செலவில்லாத வழி அதுதான். சீட்டுகளில் தேறியதைத் தட்டச்சு செய்துகொண்டு மீதியைக் கழித்துவிடலாம். வீடு இடிக்கிற நேரத்தில் எல்லாவற்றையும் சுமக்க முடியாது.

மறுமொழி: அம்பை ஓய்வாசிரியர்

மகளே, தென்காசி அன்பர் நல்ல மனதோடு சொல்கிறார். படம் எடுக்கச் சொன்னது சரி. சீட்டுகளைக் கழிக்கச் சொன்னதை மட்டும் கேட்காதே. அந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன்.

கன்னடியன் கால்வாய்க் கதை உனக்குத் தெரிந்திருக்கும். கன்னட நாட்டிலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவன் தனக்குக் கிடைத்த செல்வத்தைக் கொண்டு, அகத்தியர் சொற்படி ஒரு பசுவின் பின்னாலேயே போய்க் கால்வாய் வெட்டினான் என்பார்கள். பசு கோமியம் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பத்தமடைப் பக்கம் வரை இந்தக் கதையைப் பலரிடம் கேட்டு எழுதினேன். ஆளுக்கு ஒரு குளத்தைச் சொன்னார்கள். எனக்கு அது குழப்பமாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் இணைத்து ஒரே கதையாக, அழகான கையெழுத்தில் எழுதி முடித்தேன். சீட்டுகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது. கடைமடைக்காரர் ஒருவர் "பசு எங்கள் குளத்தில்தான் படுத்தது" என்று சொன்னால், தண்ணீரில் எங்களுக்கும் பங்கு உண்டு, அது கால்வாய் வெட்டிய நாளிலேயே முடிவானது என்று சொல்கிறார். எந்தக் குளத்தை யார் சொன்னார், அவர் வயல் மேல்மடையா கடைமடையா, சொன்னது தண்ணீர் வந்த வருடத்திலா வராத வருடத்திலா? இவையெல்லாம் அந்தச் சீட்டுகளில் இருந்தன. என் அழகான கையெழுத்தில் ஒன்றுகூட இல்லை. சொன்னவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை.

உன் அப்பா எழுதிய பஸ் டிக்கெட்டில் தேதியாவது இருக்கும், எங்கிருந்து எங்கே போனார் என்பதாவது இருக்கும். அதைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொண்டால் அது யார் வீட்டுக் கதை?

பிலிம் சுருள்களையும் விட்டுவிடாதே. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982இல் களவு போனார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருந்தவர் 2019இல் ஊருக்குத் திரும்பினார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த ஒளிப்படம் அடையாளம் காண உதவியது. படம் எடுத்த அன்று அதற்கு இப்படியொரு வேலை வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

இனி செய்ய வேண்டியது. பெட்டியைக் கவிழ்க்காதே. சீட்டுகள் கிடக்கிற வரிசையே ஒரு செய்தி. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, மெல்லிய பென்சிலால் மூலையில் எண் போடு. ஒட்டும் நாடா வேண்டாம், பிளாஸ்டிக் உறையில் உருக்கி ஒட்டுவது வேண்டவே வேண்டாம். ஓலைக்கட்டு இறுகியிருந்தால் நீயாகப் பிரிக்காதே, ஒடிந்துவிடும். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் மையம் உனக்குப் பக்கம்தான். நேரில் போய்க் கேள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. யாரிடம் கொடுத்தாலும் நோட்டும் சீட்டும் பிரியாமல் ஒன்றாகப் போக வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்.

புத்தகம் பிறகு வரட்டும். அவசரமில்லை.

மறுமொழி: பழைய நில அளவர்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம். நானும் வருவாய்த்துறையில் பல ஊர்க் கணக்குகளைப் புரட்டியவன். உங்கள் அப்பா திண்ணையில் கேட்டதில் பங்காளிச் சண்டை இருக்கும், தத்து எடுத்த கதை இருக்கும், எந்தத் தெருவை எந்தக் கோயிலுக்குள் விடவில்லை என்பதும் இருக்கும். நம்பிச் சொன்னவர்களின் பேரன்கள் இன்றும் அதே ஊரில் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் அப்படியே இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். அழிக்கவும் வேண்டாம். அவற்றைத் தனியாகக் குறித்து, இத்தனை வருடம் பொதுப் பார்வைக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, பத்திரங்களில் 'கோட்டை விதைப்பாடு' என்று வரும். ஏக்கராக மாற்றி எழுதுவது உதவி என்று தோன்றும். மாற்றாதீர்கள். 21 மரக்கால் கொண்டது ஒரு கோட்டை. அவ்வளவு விதை பாவுகிற நிலம் என்று அளந்தவர்கள் மண்ணைப் பார்த்து அளந்தார்கள். மூலத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, உங்கள் கணக்கை வேறு தாளில் எழுதுங்கள்.

மறுமொழி: வீரவநல்லூர் மகள்

எல்லோருக்கும் நன்றி. தென்காசி ஐயா, உங்களுக்கும்தான். நோட்டுகளைப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். நில அளவர் ஐயா சொன்ன மாதிரியான பக்கங்கள் நிறைய இருக்கின்றன. சிலவற்றைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவற்றைத் தனியே குறித்து வருகிறேன். அடுத்த வாரம் கல்லூரிக்குப் போய்க் கேட்கப் போகிறேன். அண்ணனும் பெட்டியைத் தன் மாமனார் வீட்டு மச்சில் வைக்கச் சம்மதித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை 1 முதல் 212 வரை எண் போட்டேன். 87ஆவது சீட்டு 1992 நவம்பர் வெள்ளத்தின்போது எழுதியது. அப்படியே தருகிறேன்:

"சேரன்மகாதேவி, ஆற்றுப் பக்கம் கடைசி வீடு. தண்ணீர் வடிந்த கறை என் சட்டைப் பை மட்டம். அளவுநாடா கொண்டு போகவில்லை. வீட்டுக்காரம்மாள் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். அவர்கள் வீட்டில் அரிசி இல்லை."

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அப்பா நடக்க முடியாத நிலையிலும் சேரன்மகாதேவிக்குக் கூட்டிப்போகச் சொல்லி அடம்பிடித்தது இதற்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. அன்று நான் கூட்டிப்போகவில்லை.

சீட்டை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா எழுந்து போய், காக்கிச் சட்டையில் அப்பா எங்கள் வாசல் நிலையில் சாய்ந்து நிற்கும் படத்தைக் கொண்டுவந்தார். நிலையில் ஒரு பூ வேலைப்பாடு இருக்கிறது. படத்தில் சட்டைப் பை சரியாக அந்தப் பூவுக்கு நேராக இருக்கிறது. வாசலில் நாடா பிடித்து அளந்தேன். தரையிலிருந்து 4 அடி 1 அங்குலம்.

தை மாதம் அந்த நிலையும் போய்விடும். அதையும் படம் எடுத்து, அளவையும் அளந்த தேதியையும் தனித் தாளில் எழுதி 87ஆவது சீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அளந்தவர்கள் என்ற இடத்தில் என் பெயரோடு அம்மாவின் பெயரையும் எழுதினேன்.