ஐந்தொகை போட்டுப் பாத்துட்டு வாங்குவோம்

குழு: வளவு வீடு

கோட்டையூர் தம்பி (இரவு 8:10): மோட்டார்ஹோம், அதான் வீடு மாதிரி உள்ள கேரவன் வண்டி, அதுக்குக் கொட்டேஷன் வந்திருச்சு. ஆறு பேர் உக்காரலாம், நாலு பேர் படுக்கலாம். ஒரு டன் ஏசி, கக்கூஸ், அடுப்படி, மேல 400 வாட் சோலார், 150 ஏஎச் (ஆம்பியர் அவர்) ட்யூபுலர் பேட்டரி ரெண்டு. 42 லட்சம். காசி வரைக்கும் போய்வர எண்ணம். பாத்துச் சொல்லுங்க.

பள்ளத்தூர் அண்ணன்: ரிஜிஸ்ட்ரேஷன் சேத்தா?

கோட்டையூர் தம்பி: இல்லண்ணே, அது தனி.

பள்ளத்தூர் அண்ணன்: அப்ப 42 இல்ல, 50. ஆர்டிஓ ஆபீஸ்ல மோட்டார் கார் கணக்குல எடுத்தா, 20 லட்சத்துக்கு மேல ஆயுள் வரி 20 சதவீதம். அதுவே 8.40 ஆச்சு. எந்த வகுப்புல ஏத்துவாங்கன்னு அட்வான்ஸ் கொடுக்க முந்தி கேட்டு வச்சுக்க.

தேவகோட்டை ஆச்சி: தம்பி, ஏஐஎஸ் 124 சர்டிபிகேட் இருக்கான்னு முதல்ல கேளு. கேரவனுக்குன்னு உள்ள தரம் அதுதான். 13 சீட் வேனை வாங்கி உள்ள மரவேலை செஞ்சு கொடுத்துட்டு, ஆர்சியில 13 சீட்டுன்னே விட்டுருவாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி அது செல்லாது. நல்லா ஓடுற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. கிளைம்னு போய் நிக்கும்போதுதான் இடிக்கும்.

தேவகோட்டை ஆச்சி: இன்சூரன்ஸ்ல ஐடிவி, அதான் வண்டிக்குப் போடுற காப்பீட்டு மதிப்பு, 42க்குப் போட்டிருக்கான்னும் பாரு. வெறும் வண்டி விலைக்குப் போட்டா உள்வேலைக்குப் பத்து பைசா வராது. சரியாப் போட்டாலுமே ரெண்டு வருஷம் தாண்டினா 30 சதவீதம் கழிச்சுருவாங்க, 29.40தான் நிக்கும்.

கானாடுகாத்தான் அம்மான் (இரவு 8:31): பேட்டரியப் பத்தி யாரும் பேசலையே. கேளு. 12 வோல்ட், 300 ஏஎச், மொத்தம் 3.6 யூனிட். ட்யூபுலரைப் பாதிக்கு மேல இறக்கினா சீக்கிரம் செத்துரும், அதனால கைக்கு வர்றது 1.8 யூனிட். இன்வெர்ட்டர் ஏசி சராசரியா 750 வாட் இழுத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 6 யூனிட் வேணும். பத்து மணிக்குப் போட்டா பன்னெண்டரைக்குள்ள நின்னுரும். ஐப்பசி மழையில தாங்கலாம், சித்திரையில முடியாது.

கோட்டையூர் தம்பி: மேல சோலார் இருக்கே அம்மான்?

கானாடுகாத்தான் அம்மான்: நம்ம ஊர் வெயிலுக்கே 400 வாட்டுல ஒரு நாளைக்கு 1.6 யூனிட் வந்தா பெருசு. அது ஃபேன், லைட், ஃப்ரிட்ஜுக்குச் சரி. ஏசிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12.8 வோல்ட், 200 ஏஎச், மூணு போடு. 80 சதவீதம் எடுத்தா 6.1 யூனிட். எடையும் குறையும். ட்யூபுலர் ஒண்ணே 55 கிலோவுக்கு மேல வரும். ஆல்டர்னேட்டர்ல இருந்து ஏத்த டிசி டு டிசி சார்ஜர் வேணும், வெறும் ரிலே போட்டா பிஎஸ் 6 வண்டியில ஒழுங்கா ஏறாது. 30 ஆம்பியர் சார்ஜர்ல நாலு மணி நேரம் ஓட்டினா 1.6 யூனிட் வரும். சோலாரையும் சேத்தா 3.2. பாக்கிக்கு ராத்திரி எங்கயாச்சும் 16 ஆம்பியர் பிளக்குல குத்தித்தான் ஆகணும். வெளி இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) இல்லாம வண்டிய எடுக்காத. தகர உடம்பு, ஷாக் அடிச்சா விளையாட்டு இல்ல.

தேவகோட்டை ஆச்சி: நம்ம நகரத்தார் விடுதி இருக்கிற ஊரா ராத்தங்கல் வச்சா பிளக்கும் கிடைக்கும், கக்கூஸ் கேசட்டும் (கழிவு சேர்ற கழட்டுற டப்பா) காலி பண்ணலாம். கேசட் 20 லிட்டர்தான். நாலு பேருக்கு ரெண்டு நாள் தாங்கினா அதிகம். ஃப்ளஷ் டாய்லெட்ல மட்டும் ஊத்தணும், கண்மாய்க்கரையில கொட்டுறது பாவம். என்சைம் மருந்து போடு. பார்மலின் கலந்தது செப்டிக் டேங்குல உள்ள கிருமியக் கொன்னுரும்.

பள்ளத்தூர் அண்ணன்: அப்படி விடுதியிலதான் நிப்பாட்டணும்னா அங்கேயே ரூம் எடுத்துத் தூங்கலாமே ஆச்சி?

தேவகோட்டை ஆச்சி: முழங்கால் முடியாதவங்களுக்குப் பாதி வழியில கக்கூஸ் வேணும்ல. அதுக்குத்தான் தம்பி வண்டி பாக்குறான்.

பள்ளத்தூர் அண்ணன்: அதுவும் சரிதான். ஆனா வட்டியையும் சேத்துப் பாக்கணும். 50 லட்சத்துக்கு 7 சதவீதம் வச்சா வருஷத்துக்கு 3.50. அஞ்சு வருஷத்துல 20க்குப் போகும்னு வச்சா தேய்மானம் 6. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரிக்கு எடுத்து வைக்கிறது 1.50. ஆக 11 லட்சம். வருஷத்துக்கு 30 ராத்திரி படுத்தா ஒரு ராத்திரி 36,700. 90 ராத்திரின்னா 12,200. டீசல், டோல் இதுல சேரல. காசிக்குப் போக வர, சுத்துறது எல்லாமா 4,500 கிலோமீட்டர்னு வை. லிட்டருக்கு 9 கொடுத்தா 500 லிட்டர். மினி பஸ் வகுப்புல பாஸ்டேக் விழுந்தா டோல் காரைப் போல ஒண்ணரை மடங்குக்கு மேல.

கோட்டையூர் தம்பி: 30 தாண்டாதுண்ணே. மிச்ச நாள் முகப்புக்கு முன்னாலதான் நிக்கும்.

கானாடுகாத்தான் அம்மான் (இரவு 9:05): நிக்கிறதுதான் வண்டியக் கெடுக்கும். எலி வயரைக் கடிக்கும். டிபிஎஃப் (டீசல் புகைக்கரியப் பிடிக்கிற ஃபில்டர்) இருந்தா வாரம் ஒருக்கா பைபாஸ்ல அரை மணி நேரம் ஒரே வேகத்துல ஓட்டணும், பிள்ளையார்பட்டிக்கு மட்டும் போய் வந்தா அடைச்சுக்கும். டயர் பட்டன் தேயாமலே பக்கச்சுவர் வெடிக்கும். டயர்ல நாலு இலக்கம் இருக்கும், 2324ன்னா 2024ல 23ஆவது வாரம். ஆறு வருஷத்துல மாத்திரு. வெயில்ல நிறுத்தினா மேல உள்ள சீலன்ட் விரிசல் விடும். ஏசிக்கு வெட்டுன இடத்தைச் சுத்தி உள்பக்கம் விரல் முட்டியால தட்டிப் பாரு. நல்ல இடம் டக்குன்னு கேக்கும், தண்ணி இறங்கின ப்ளைவுட் மந்தமா, ஊறுன அட்டை மாதிரி கேக்கும். ஒழுகுச்சுன்னா சிலிக்கான் தடவ விடாத. அது மேல அடுத்த கோட்டிங் ஒட்டாது. பாலியூரித்தேன் சீலன்ட்தான்.

தேவகோட்டை ஆச்சி: கொட்டகை 11 அடி உயரமாவது வேணும். அந்தச் செலவையும் எழுதிக்க.

கானாடுகாத்தான் அம்மான்: தண்ணித் தொட்டி எவ்வளவு?

கோட்டையூர் தம்பி: 200 லிட்டர்.

கானாடுகாத்தான் அம்மான்: 200 கிலோ. ஆறு பேருக்கு 400. பேட்டரி, கேஸ், பாத்திரம், பெட்டி எல்லாம் பின் ஆக்ஸில் மேலதான் உக்காரும். ஆர்சியில உள்ள மொத்த எடையத் தாண்டினா பிரேக் காயும், ஸ்பிரிங் பட்டை தளரும்.

பள்ளத்தூர் அண்ணன்: 30 ராத்திரிக்கு வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரல தம்பி. தைப்பூசத்துக்குப் பழனிக்கு இதே அளவு வண்டி ஒண்ணு வாடகைக்கு எடுப்போம். நாலு ராத்திரி அப்பச்சி உள்ள படுத்துப் பாக்கட்டும். படி ஏற முடியுதா, ராத்திரி கக்கூஸுக்குத் திரும்ப இடம் பத்துதான்னு தெரியணும்.

கோட்டையூர் தம்பி: சரிண்ணே. அட்வான்ஸ் இப்பக் கொடுக்கல.

கானாடுகாத்தான் அம்மான்: அதுவரைக்கும் அவங்ககிட்ட அதே மாடல் வண்டியில தண்ணிய ரொப்பி எடை போட்ட சீட்டு கேளு. முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் தனித்தனியா. வந்ததும் இங்கேயே போடு.