குளிர்காலத்தில் சவுத் பிளாட் ஆற்றில் டிரவுட்: டெக்கர்ஸ் பகுதியில் ஃபிளை ஃபிஷிங் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: மலையருவி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்குத் தென்மேற்கே டெக்கர்ஸ் சிற்றூரை ஒட்டி ஓடும் சவுத் பிளாட் ஆற்றில், கோடை முழுவதும் மிதக்கும் ஃபிளைகளைக் (பூச்சியைப் போலத் தூண்டில் முள்ளில் கட்டிய செயற்கை இரைகள்) கொண்டு டிரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடித்துவந்தேன். பிடித்த மீனை அங்கேயே திரும்ப விட்டுவிடுவதுதான் என் வழக்கம். டிசம்பர் பிறந்த பிறகும் இந்த ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களைக் காண்கிறேன். அவர்களுக்கு மீன் கிடைக்கிறது, எனக்குக் கிடைப்பதில்லை. கோடையில் மீன் நிறைந்திருந்த பாறை நீரோட்டங்களில் இப்போது எதுவும் அசைவதாகத் தெரியவில்லை. நான்கைந்து முறை வீசுவதற்குள் தூண்டில் கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு நூல் நகர மறுக்கிறது.

டிரவுட் இப்போது ஆற்றின் எந்தப் பகுதியில் இருக்கும், எந்த ஃபிளையை எப்படிக் கட்ட வேண்டும், பனிக்கட்டிக்கு என்ன வழி என்பவற்றை அனுபவமுள்ளோர் விளக்க வேண்டுகிறேன். இவற்றோடு என் மனத்தை உறுத்தும் கேள்வி ஒன்றும் உண்டு. குளிரில் ஒடுங்கிக் கிடக்கும் மீனைத் தூண்டிலிட்டு அலைக்கழிப்பது முறைதானா?

மறுமொழி: ஆற்றோரம்

அன்புள்ள மலையருவி,

மீன் எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிட்டால் மற்றவற்றில் பாதி தானே தெளிவாகும் என்பதால், அதிலிருந்து தொடங்குகிறேன். ஆற்றின் போக்கில் டெக்கர்ஸுக்கு மேலே உள்ள சீஸ்மன் அணை 1905இல் கட்டி முடிக்கப்பட்டது. 221 அடி உயரமுள்ள அந்தக் கல்லணை, அந்நாளில் உலகிலேயே உயரமான அணையாக விளங்கியது. 1918 முதல் அது டென்வர் நகரின் குடிநீர் நிறுவனமான டென்வர் வாட்டரின் பொறுப்பில் இருந்துவருகிறது. நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகுந்த அடர்த்தி கொண்டிருக்கும் என்பதால், நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பு உறைந்து கிடந்தாலும் அதன் ஆழத்தில் ஏறக்குறைய அந்த வெப்பநிலையுள்ள நீரே தங்கியிருக்கிறது. அணையின் ஆழப்பகுதியிலிருந்து திறந்துவிடப்படும் அந்த நீர்தான் அணைக்குக் கீழுள்ள சீஸ்மன் பள்ளத்தாக்கை ஜனவரியிலும் உறையாமல் வைத்திருக்கிறது. அங்கிருந்து கீழே வரவரக் காற்றின் குளிர் நீரில் ஏறுகிறது. கரையோரம் பனித்தட்டுகள் படிகின்றன. கடுங்குளிர் நாள்களில் ஆற்றின் அடியிலுள்ள கற்களின் மேலும் பனி படர்கிறது. ஆகவே குளிர்காலத்தில் டெக்கர்ஸுக்குக் கீழே வெகுதூரம் செல்லாமல், அதற்கு மேற்புறமாகவே தேடுங்கள்.

டிரவுட் குளிர் இரத்தமுள்ள உயிரினம். ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி வரையிலான நீரில் அது நன்றாக இரையெடுக்கும். 4 டிகிரியில் அதன் செரிமானமும் தசைகளின் வேகமும் மிகவும் குறைந்துவிடுகின்றன. அப்போது அதற்குத் தேவைப்படும் இரை சிறிது. ஆனால் அந்த இரையைத் தேடி விரைவான நீரோட்டத்தை எதிர்த்து நிற்க அதனால் இயலாது. கோடையில் நீங்கள் மீன் கண்ட பாறை நீரோட்டங்கள் வெறுமையாகத் தோன்றுவதன் காரணம் இதுதான். நீரோட்டம் மடுவில் இறங்கி வேகம் தணியும் இடத்திலும், மடுவின் நடு ஆழத்திலும், அதன் வால்பகுதியில் ஓட்டம் சீராகும் இடத்திலும் அவை கூட்டமாக ஒதுங்கியிருக்கும். ஆள் மெதுவாக நடக்கும் வேகத்தைவிட நீரின் வேகம் குறைவாக உள்ள, முழங்காலுக்கு மேல் ஆழமுள்ள இடங்களைப் பாருங்கள்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு விதியைத் தாங்கள் மனத்தில் கொண்டால் போதும் என்பேன். குளிர்கால டிரவுட் இரையைத் துரத்தாது. வாய்க்கு நேராக வருவதை ஏற்கும். ஒரு சாண் விலகிப் போனால் விட்டுவிடும். கோடையில் ஓரிடத்தில் சில வீச்சுகளோடு நகர்ந்துவிடுகிறோம். இப்போதோ ஒரே மடுவில் நின்று, ஒரே ஓட்டப் பாதையில், ஆழத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பலமுறை ஃபிளையை மிதக்கவிட வேண்டும். விடியலில் எழுந்து ஓட வேண்டியதும் இல்லை. காலை 10 மணிக்குப் பிறகு வெயில் நீரில் விழுந்து வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினாலும் மீனின் போக்கில் வேறுபாடு தெரியும். பிற்பகல் 3 மணியோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடும்.

குளிர்காலத்தில் அணையிலிருந்து விடப்படும் நீர் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். நொடிக்கு 100 கன அடிக்குக் கீழே செல்வதும் வழக்கந்தான். அப்போது நீர் கண்ணாடியாகத் தெளிந்திருப்பதால், நாம் மீனைக் காண்பதற்கு முன்பே மீன் நம்மைக் கண்டுவிடுகிறது. கீழ்நீரிலிருந்து மெல்ல அணுகுங்கள். உயரமான கரையில் நின்று நிழல் விழச் செய்யாதீர்கள். மாநில நீர்வளப் பிரிவு நாள்தோறும் இணையத்தில் வெளியிடும் நீரளவைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. முதல்நாள் இரவு நீரளவு சட்டென்று மாறியிருந்தால், மீன்கள் புதிய இடங்களில் நிலைகொள்ளச் சிறிது காலம் எடுக்கும்.

மறுமொழி: செப்புக்கம்பி

ஆற்றோரம் அவர்கள் மீன் இருக்கும் இடத்தை விளக்கிவிட்டார். நான் கட்டும் முறைக்கு வருகிறேன்.

இந்த ஆற்றில் குளிர்காலத்தின் முதன்மையான இரை மிட்ஜ் என்னும் சிறு பூச்சியினம். கொசுவைப் போன்ற தோற்றமுடைய இவை கடிப்பதில்லை; ஆண்டு முழுவதும், பனி பெய்யும் நாளிலுங்கூட, நீரின் அடியிலிருந்து புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் எழுந்து வந்துகொண்டே இருக்கின்றன. எனவே நம் ஃபிளைகளும் அந்த அளவுக்குச் சிறுக்க வேண்டும். எண் கூடக்கூட முள் சிறிதாகும்; 20 முதல் 24 வரையிலான எண் கொண்ட முட்களில் கட்டியவையே இங்கே பயன்படும். சவுத் பிளாட்டிலேயே உருவான பிராஸி, முள்ளின் தண்டில் செப்புக்கம்பியைச் சுற்றிக் கட்டும் எளிய ஃபிளை. கம்பியின் எடையால் தானே ஆழத்துக்கு இறங்கும். மற்றொன்று ஆர்.எஸ்.2. டென்வரைச் சேர்ந்த ரிம் சங் 1970களில் இந்த ஆற்றை மனத்தில் வைத்து உருவாக்கிய அந்த ஃபிளை, இன்று உலகெங்கும் அணைக்கீழ் ஆறுகளில் பயன்படுகிறது. சாம்பல் நிற ஆர்.எஸ்.2 ஒன்றும், கறுப்பு அல்லது சிவப்பு ஸீப்ரா மிட்ஜ் ஒன்றும் பெட்டியில் இருந்தால் பிப்ரவரி வரை கவலையில்லை. பிப்ரவரி இறுதியிலிருந்து பேட்டிஸ் இனப் பூச்சிகள் தலைகாட்டத் தொடங்கும். அப்போது 20ஆம் எண் ஃபெசன்ட் டெய்ல் ஃபிளை கைகொடுக்கும்.

9 அடி நீளமுள்ள 4 அல்லது 5 எடைக் கோலையே பயன்படுத்துங்கள். புதிதாக வாங்க வேண்டியதில்லை. நுனி நரம்பு மட்டும் 6எக்ஸ் ஆக, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தடிமனுள்ளதாக இருக்கட்டும். முதல் ஃபிளையிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி இரண்டாவதைக் கட்டுங்கள். முதல் ஃபிளைக்குச் சற்று மேலே மிகச்சிறிய ஈயக்குண்டு ஒன்றையும், அதற்கு மேல் நீரின் ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு தொலைவில் சிறு கம்பளித் தக்கை ஒன்றையும் வையுங்கள். பெரிய பிளாஸ்டிக் தக்கை வேண்டாம்; இந்தத் தெளிந்த நீரில் அது விழும் ஒலியே மீனைக் கலைத்துவிடும். ஈயக்குண்டு அவ்வப்போது தரையைத் தொட்டுச் செல்வது தெரிந்தால் ஆழம் சரி. ஒருமுறையும் தொடவில்லையென்றால், ஃபிளையை மாற்றுவதற்கு முன் எடையை மாற்றுங்கள். மீன் ஏற்கவில்லையென்று ஃபிளையை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலருக்கு, அவர்களுடைய ஃபிளை மீனின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் உண்மை நிலை.

இக்காலத்தில் மீன் இரையை இழுத்துக்கொண்டு ஓடாது. தக்கை ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். மீன் கண்ணுக்குத் தெரியும் இடமாக இருந்தால் தக்கையை விட்டுவிட்டு மீனைப் பாருங்கள். அது வாயைத் திறக்கும்போது உட்புறம் வெண்மையாக ஒளிரும்; அந்தக் கணத்தில் கோலை மெல்ல உயர்த்தினால் போதும்.

இனிப் பனிக்கட்டி. நூலைக் கையால் உள்ளே இழுக்கும்போது அதில் ஒட்டிவரும் நீர் வளையத்தில் வழிந்து உறைவதுதான் தொல்லையின் மூலம். ஆகையால் நூலை இழுப்பதையே குறைத்துவிடுங்கள். மீனிலிருந்து சுமார் இரண்டு கோல் நீளத் தொலைவுக்கு அணுகி, வேண்டிய அளவு நூலை ஒருமுறை வெளியே விட்டு, அந்த நீளத்தை மாற்றாமலே தூக்கித் தூக்கிப் போடுங்கள். வளையங்களுக்கு உதட்டுக் களிம்பைப் போன்ற பசை எதையேனும் பூசினால் சிறிது நேரம் தாங்கும். அடைத்துக்கொண்டால் விரலால் உடைக்காதீர்கள். நுனி வளையம் பெயர்ந்துவரும். கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்திச் சிறிது நேரம் வைத்திருந்தால், நீர் காற்றைவிட வெப்பமாக இருப்பதால் பனி தானே கரையும். மீன் மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்துகொள்ளுங்கள். அடைபட்ட வளையத்தோடு பெரிய மீன் ஒன்று ஓடத் தொடங்கினால் 6எக்ஸ் நரம்பு தாங்காது.

மிதக்கும் ஃபிளையில் ஆர்வமுள்ளவர் என்பதால் இதையும் சொல்கிறேன். காற்றில்லாத, மேகம் மூடிய நண்பகலில் மடுவின் வால்பகுதியில் நீரின் மேற்பரப்பு மெல்லக் குமிழ்வதைக் கண்டால், தக்கையையும் ஈயத்தையும் கழற்றிவிட்டு 22ஆம் எண் கிரிஃபித்ஸ் நாட் என்னும் மிதக்கும் ஃபிளை ஒன்றைக் கட்டுங்கள். ஜனவரியில் அப்படி மேலெழுந்து வரும் ஒரு மீனைப் பிடிப்பது கோடையின் பல மீன்களுக்கு ஈடு என்று நான் மனமார நம்புகிறேன்.

மறுமொழி: கூழாங்கல்

தங்கள் இறுதிக் கேள்விக்கு ஒருவரும் விடை தரவில்லை. எனக்கு அதுவே முதன்மையான கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

முறைதான், ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. சவுத் பிளாட்டின் பிரவுன் டிரவுட்டுகள் இலையுதிர் காலத்தில் இனப்பெருக்கம் செய்கின்றன. பெண்மீன் தன் வாலால் கூழாங்கற்களை விலக்கிக் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிடுகிறது. அந்த முட்டைகள் குளிர்காலம் முழுவதும் கற்களுக்கிடையே கிடந்து, வசந்தம் நெருங்கும்போதுதான் பொரிகின்றன. அதாவது, தாங்கள் ஆற்றில் இறங்கி நடக்கும் இந்த மாதங்களில் அடுத்த தலைமுறை காலடியில் இருக்கிறது. ஆழமற்ற ஓட்டத்தில், சுற்றியுள்ள கற்கள் பாசி படிந்து கறுத்திருக்க, நீள்வட்டமாக ஒரு பகுதி மட்டும் வெளுத்துத் துப்புரவாகத் தெரிந்தால் அது முட்டைக்குழி. அதை மிதிக்கக் கூடாது. அதன் மேல் மீன் நின்றால் அதற்குத் தூண்டில் போடவும் கூடாது. நாளாக ஆக அந்த வெளுப்பு மங்கிவிடுவதால், ஐயமுள்ள சரளைப் பகுதிகளில் இறங்காமல் கரையிலிருந்தே வீசுங்கள். 2002ஆம் ஆண்டின் ஹேமன் காட்டுத்தீ ஏறக்குறைய 1,38,000 ஏக்கரை எரித்த பின், தழைமூடல் இழந்த சரிவுகளிலிருந்து கிரானைட் மணல் மழைதோறும் வழிந்து இந்த ஆற்றின் சரளையை மூடியது. முட்டையிட ஏற்ற துப்புரவான சரளை இங்கே எவ்வளவு அரிய பொருள் என்பதை அதற்குப் பிறகு இந்த ஆற்றோடு பழகியவர்கள் அறிவார்கள்.

இரண்டாவது, மீனைக் காற்றில் தூக்காதீர்கள். உறைநிலைக்குக் கீழுள்ள காற்றில் செவிளின் மெல்லிய இழைகள் நொடிகளில் பாதிக்கப்படுகின்றன. வலைக்குள், நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் முன்பே நசுக்கி வைத்திருந்தால் ஒரே அசைவில் கழன்றுவிடும். கையுறையை அகற்றிக் கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். உலர்ந்த கம்பளி அதன் உடலின் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். படம் எடுப்பதானால் நீரில் இருக்கும்போதே எடுக்கலாம். களைத்த மீனைக் கையில் தாங்கி, அது தானாக நழுவிச் செல்லும்வரை காத்திருங்கள். குளிர்நீரில் அது தெளிவதற்குச் சற்றுக் கூடுதல் நேரமாகலாம்.

மூன்றாவது, வேறோர் ஆற்றுக்குப் போவதற்கு முன் காலணிகளையும் வேடரையும் (ஆற்றில் இறங்க அணியும் நீர்புகா உடை) கழுவிக் காயவையுங்கள். 1990களில், ஓர் ஒட்டுண்ணியால் வரும் வேர்லிங் நோய் இந்த மாநிலத்தின் ரெயின்போ டிரவுட்டுகளை ஆறு ஆறாக அழித்தது. அந்த ஒட்டுண்ணி ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஐரோப்பாவிலிருந்தே வந்த பிரவுன் டிரவுட்டுக்கு அதைத் தாங்கும் ஆற்றல் இருந்ததால், அது பெரும்பாலும் தப்பியது. சேறு ஒட்டிய காலணியோடு அடுத்த ஆற்றில் இறங்குபவர் எதைச் சுமந்து செல்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

மலையருவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முட்டைக்குழிகளைப் பற்றிப் படித்தபின், கரையிலிருந்தே வீசக்கூடிய மடுக்களை மட்டும் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துங்கள். அணைக்கு நெருங்கிய நீரே வெப்பமானது என்றால், சீஸ்மன் பள்ளத்தாக்குக்குள்ளேயே செல்வது நல்லதா, சாலையோரமாக டெக்கர்ஸிலேயே நிற்பது நல்லதா?

மறுமொழி: ஆற்றோரம்

முதல் குளிர்காலத்தில் டெக்கர்ஸையே பரிந்துரைப்பேன். பள்ளத்தாக்கினுள் செல்லும் கில் பாதை, சரிவில் ஏறி இறங்கும் மலைப்பாதை. வெயில் படாத இடங்களில் பனி இறுகிக் கண்ணாடித் தளமாகக் கிடக்கும். காலணிக்கு மேல் மாட்டும் இரும்புப் பற்கள் இல்லாமல், தனியாக, அங்கே செல்லக் கூடாது. உள்ளே தவறி நீரில் விழுந்தால், உலர்ந்த உடை இருக்கும் வாகனத்துக்குத் திரும்ப நெடுநேரம் நடக்க வேண்டும். கைபேசித் தொடர்பையும் நம்ப முடியாது. டெக்கர்ஸில் வாகனம் கூப்பிடு தொலைவிலேயே நிற்கும்.

செப்புக்கம்பி அவர்களுக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்கக்கூடும். பள்ளத்தாக்கின் அழகை நானும் மறுக்கவில்லை. 1990இல், இந்த ஆற்றின் குறுக்கே கட்டவிருந்த டூ ஃபோர்க்ஸ் அணைத் திட்டத்தைக் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடுத்திராவிட்டால், நாம் பேசிக்கொண்டிருக்கும் ஆற்றின் பெரும்பகுதி இன்று நீர்த்தேக்கத்தின் அடியில் இருந்திருக்கும். மார்ச்சில் பாதை தெளிந்தபின் துணையோடு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே செயற்கை ஃபிளையும் செயற்கை இரையும் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. பிடிக்கும் டிரவுட் அனைத்தையும் உடனே விட்டுவிட வேண்டும்.

காலணியின் அடிப்பாகம் கம்பளியாக இருந்தால் ரப்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கம்பளியில் பனி கட்டிகட்டியாக ஒட்டி நடக்கவிடாது. வேடருக்குள் காலுறைகளை இறுக்கமாகத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பாதம் விரைவில் மரத்துப்போகும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்றும் சற்றுத் தளர்வான காலணியும் மேல். பைன் ஜங்ஷனிலிருந்து 126ஆம் சாலை வழியாக வருவதானால் நிழலான வளைவுகளில் பனி இருக்கும், மெதுவாக வாருங்கள். தங்களிடம் இருப்பது மீன்பிடிப்பதற்கான ஆண்டு உரிமம் என்றால் அது மார்ச் 31 வரை செல்லும். புதிய ஆண்டின் உரிமம் மார்ச் 1 முதலே நடைமுறைக்கு வருகிறது.