இந்தோனேசியா, வியட்நாம் காப்புரிமை: மொழிபெயர்ப்புச் செலவு கழுத்தை நெரிக்கிறது

தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரத்துக்குப் புதுப் பிடிப்பான் ஒன்று செய்திருக்கிறேன். காய் சிறிதோ பெரிதோ, பற்கள் தானே ஒதுங்கிக் கொடுக்கும். ஊர் பொள்ளாச்சி. 2024 மே மாதம் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விண்ணப்பம். 12 மாதக் கெடுவுக்குள் பிசிடி, அதாவது பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சர்வதேச விண்ணப்பம். முன்பே இதுபோல் ஏதும் உண்டா என்று பார்த்துத் தரும் தேடல் அறிக்கை, என் முதல் உரிமைகோரலுக்கு (எது என் கண்டுபிடிப்பு என்று வரையறுக்கும் வாசகம்) எதிராக ஒரு சீன ஆவணத்தைக் காட்டியது, மற்றவை தப்பின.

இனி இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் தாக்கல் செய்ய வேண்டும். இரு நாட்டிலும் முதல் விண்ணப்பத்திலிருந்து 31 மாதக் கெடு, அதாவது 2026 டிசம்பர். விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பின் விவரிப்பும் உரிமைகோரல்களும் அடங்கிய ஆவணம்) முழுவதும் அவரவர் மொழியில் வேண்டும். ஏஜென்ட்கள் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். உரிமைகோரல்களைக் குறைத்துப் பார்த்தேன், தொகை அசையவில்லை. நீளம் விவரிப்பில்தானே இருக்கிறது! வேறு சில ஏஜென்ட்களிடமும் கேட்டாயிற்று, அதே கதை.

மொழிபெயர்ப்பை வெளியே தனியாகச் செய்து, தாக்கலை மட்டும் அந்நாட்டு ஏஜென்டிடம் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?