பாபிலோனில் ராணுவ முகாம்: உண்மையில் என்ன சேதம்?

கேள்வி:
சில வருடங்களுக்கு முன் பெர்லினில், பழைய பாபிலோன் நகரத்து இஷ்டார் வாயிலின் நீலச் செங்கற்களைப் பார்த்தேன். கால் நகரவே இல்லை. அதன் அடிப்பகுதி ஈராக்கிலேயே இருக்கிறதாம். 2003ல் அங்கே அமெரிக்கப் படை முகாம் போட்டது என்று படித்ததிலிருந்து மனசே சரியில்லை. குண்டு விழாத இடத்தில் அப்படி என்ன கெட்டிருக்கும்?

பதில் 1:
குண்டு தேவையில்லைங்க. 2004 டிசம்பரில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜான் கர்டிஸ் நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். வாயில் சுவரின் டிராகன் உருவங்களிலிருந்து செங்கல்லைப் பெயர்க்க முயன்ற தடயங்கள். 2,600 வருடத்துச் செங்கல் தளம் ராணுவ வண்டிகள் ஏறி நொறுங்கியிருந்தது. பதுங்குகுழிகள் வேறு.

பதில் 2:
எனக்கு அதைவிட வலிப்பது மண். தொல்லியல் களத்து மண்ணையே, பானை ஓடும் எலும்புமாக, மணல் மூட்டையில் அள்ளிக் கட்டினார்கள். ஹெலிகாப்டர் இறங்க வெளியிலிருந்து சரளை கொண்டுவந்து கொட்டினார்கள். மண்ணடுக்கை வைத்துத்தானே காலத்தைக் கணிக்கிறோம்? கலந்த மண்ணை யாராலும் பிரிக்க முடியாது. உடைந்த செங்கல்லையாவது ஒட்டலாம்.

பதில் 3:
போரில் பண்பாட்டுச் சின்னங்களைக் காக்கும் 1954 ஹேக் உடன்படிக்கை இதற்காகவே வந்தது. அமெரிக்கா அதை அங்கீகரித்தது 2009ல்தான், பிரிட்டன் 2017ல். (சதாமும் 1980களில் பழைய அடித்தளத்தின் மேலேயே தன் பெயர் பொறித்த செங்கற்களை அடுக்கினார். அதையும் மறக்கக்கூடாது.)

கேள்வி கேட்டவர்:
மண்ணைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நன்றி. இப்போது அங்கே அகழாய்வு நடக்கிறதா?

பதில் 2:
2019ல் உலக பாரம்பரியச் சின்னமானது. நகரத்தின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாமல் மண்ணுக்குள்தான் இருக்கிறது.